சங்கிலியை இழுத்த பிறகு

டீ வருவதற்குள் ஒன்று கேட்கிறேன். நீங்கள் தினமும் ஏறும் ரயில் பெட்டியில் சிவப்பு ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது?

திருப்பூர் பிளாட்பாரத்தில் இப்போது இரண்டு விதமான கதவுகள் வந்து நிற்கின்றன. 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய கோவை–சென்னை வந்தே பாரத்தில் கதவு தானாக மூடிக்கொள்ளும்; ஆபத்து என்றால் பெட்டியில் உள்ள பேசும் கருவியை அழுத்தி ஊழியரிடம் சொல்லலாம். பனியன் கம்பெனி ஆட்கள் ஷிப்டுக்கு வந்துபோகும் பாசஞ்சரிலும், தன்பாத் எக்ஸ்பிரஸின் பொதுப் பெட்டியிலும் அப்படி இல்லை. கதவு திறந்தே கிடக்கும், தீபாவளி நெருங்கினால் மூட்டைகளால் அடைபட்டுப்போகும். அங்கே நமக்கு இருப்பது சங்கிலியும் சிவப்பு ஜன்னலும்தான்.

சங்கிலி எப்படி வேலை செய்கிறது? வண்டி முழுக்க ஓடும் ஒரு குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்று நிற்கிறது. அந்த அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும். சங்கிலியை இழுத்தால் வால்வு திறந்து காற்று வெளியேறும், பிரேக் பிடிக்கும். ஆனால் உடனே நிற்காது. வேகமாகப் போகும் வண்டி நெடுந்தூரம் ஓடித்தான் நிற்கும். அதுவரை குதிக்கக் கூடாது. காரணமில்லாமல் இழுத்தால் ரயில்வே சட்டத்தின் 141ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. தக்க காரணம் இருப்பவரை அந்தப் பிரிவு தண்டிப்பதில்லை. நிஜமான ஆபத்தில் தயங்காதீர்கள்.

வண்டி நின்ற பிறகுதான் பெரிய ஆபத்து. 2025 ஜனவரி 22 அன்று மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டத்தில் புஷ்பக் எக்ஸ்பிரஸில் தீப்பிடித்ததாக வதந்தி கிளம்பியது. சங்கிலியை இழுத்தார்கள், வண்டி நின்றது, பலர் பக்கத்துத் தண்டவாளத்தில் இறங்கினார்கள். அதில் வந்த கர்நாடகா எக்ஸ்பிரஸ் மோதிக் குறைந்தது 12 பேர் செத்தார்கள். தீ எதுவும் இல்லை. சங்கிலி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. எந்தப் பக்கம் இறங்குவது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நம்முடைய கோவை–ஈரோடு தடமும் இரட்டைப் பாதை. அதனால் தீ என்றால் முதலில் உள்வழியாகவே அடுத்த பெட்டிக்கு நகருங்கள். இறங்கியே ஆகவேண்டும் என்றால், அடுத்த தண்டவாளம் இல்லாத பக்கமாக இறங்கி, பாதையை விட்டு விலகி நில்லுங்கள். கதவை நெருங்க முடியாவிட்டால் சிவப்பு ஜன்னலின் கம்பிச் சட்டத்தைத் தூக்கினால் ஆள் வெளியேற இடம் கிடைக்கும். ஏசி பெட்டியில் கண்ணாடியை உடைக்கச் சுத்தியல் மாட்டியிருக்கும்.

ரயில்வே இதைப் பிளாட்பாரத்தில் செய்து காட்ட வேண்டும், தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும். மூலையில் ஒட்டிய சிறு எழுத்து போதாது. அது நடக்கும்வரை, உங்கள் கம்பெனி லைனில் புதிதாகச் சேர்ந்த வெளியூர்ப் பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லிக்கொடுங்கள். சிவப்பு ஜன்னலை அடைத்து மூட்டை வைக்க யாரையும் விடாதீர்கள். உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 139.