கலப்பை சுமப்பார்

மலைபடுகடாம் பாடம். வகுப்பிலே பத்துப் பன்னிரண்டு மாணாக்கர். கூத்தர் கூட்டம் ஒன்று காட்டு வழியே நடந்து வருகின்றது, தோளிலே காத்தண்டு, தண்டிலே கலப்பை. இந்த இடத்தில் ஒரு மாணாக்கன் எழுந்தான். "ஐயா, பாட வந்தவை ஏன் கலப்பையைக் காவிக்கொண்டு திரியினம்? உழவுந் தெரியுமோ?" என்றான். வகுப்புச் சிரித்தது. நானுஞ் சிரித்தேன்.

பிழை அவனுடையதன்று. வடமராட்சியிற் பிறந்த பிள்ளைக்குக் கலப்பை என்றால் ஏர்க்கலப்பைதான். நூலில் வருவது வேறு. கலம் இடும் பை கலப்பை. கலம் என்பது ஈண்டு இசைக்கருவி. மாணாக்கனுடைய வினாவிலேயே விடையின் பாதி இருந்தது. அதை அவன் அறியவில்லை. 'காவிக்கொண்டு' என்றான் அல்லவா? கா என்பது இருதலையிலும் சுமை தொங்கும் தோட்தண்டு. காவுதல் அதனாற் சுமத்தல். தமிழகத்துப் பேச்சில் அருகிப்போன அச்சொல் நம் ஊரில் இன்றைக்கும் நாள்தோறும் வழங்குகின்றது. தண்ணீரைக் காவுகின்றோம், நெல்லைக் காவுகின்றோம், பிள்ளையையுங் காவுகின்றோம்.

அந்த மாணாக்கன் அடுத்த தவணைக்கு வரவில்லை. ஓர் இசைக்குழுவுடன் ஊர் ஊராகத் திரிகின்றான் என்று கேள்விப்பட்டேன். பாடுகின்றானா என்றால், இல்லை. வாத்தியம் வாசிக்கின்றானா என்றால், அதுவும் இல்லை. பெட்டி ஏற்றுகின்றான், இறக்குகின்றான், வயர் இழுக்கின்றான். வழியிற் கண்டபோது கடிந்துகொண்டேன். "நாலு பாட்டுக்கு உரை சொல்லக்கூடிய நீ, மூட்டை தூக்கவா போனாய்?" என்றேன். அவன் மறுமொழி சொல்லவில்லை. மரியாதையுள்ள பிள்ளை.

அதற்குப் பின் மலைபடுகடாத்தை எடுக்கும்போதெல்லாம் அந்தத் தொடக்கம் என்னை உறுத்துகின்றது.

நன்னனிடம் பரிசில் பெற்று மீளுங் கூத்தன், எதிரே வறுமையோடு வருங் கூத்தனைக் கண்டு வழிப்படுத்துவதாகப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் இந்நூலை 583 அடிகளிற் பாடினார். எதிரே வருவோரை எப்படிக் காட்டுகின்றார்? முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை என்று கருவிகளை ஒவ்வொன்றாக எண்ணுகின்றார். அவற்றையெல்லாம் நிறை ஒத்திருக்கும்படி பைகளிற் சுருக்கிக் கட்டியிருக்கின்றார்களாம். தண்டில் அவை தொங்குவது பலாமரத்திற் காய்க்குலை தொங்குவது போலிருக்கின்றதாம். அவர்களை அவர் முதன்முதல் விளிப்பது ஆடுவோரே என்றன்று; பாடுவோரே என்றுமன்று. கலப்பையைக் காவி வருவோரே என்றுதான். கூட்டத்தின் தலைவனை விளிப்பது பின்னர். அரங்கு காண்பதற்கு முன் சுமையைக் கண்ட புலவர் அவர்.

பலாக்குலை என்ற உவமையைச் சற்று நின்று நோக்கவேண்டும். பலாக்காய் கனமானது; ஒழுங்கற்ற வடிவினது; கொம்பிலும் அடிமரத்திலும் தொங்குவது. பல வடிவக் கருவிகளைப் பையிலிட்டுத் தண்டிற் கட்டினால் அப்படித்தான் இருக்கும். சுமப்பவரை அருகிருந்து பாராதவருக்கு இவ்வுவமை தோன்றாது. (மத்தளமும் தவிலும் வீணையும் பலாமரத்திலேயே குடையப்படுகின்றன. புலவர் அதையும் எண்ணினாரோ என்று கேட்டால், உவமையை அவ்வளவு தூரம் இழுக்க நான் துணியேன்.)

ஒளவையாரும் இதற்குச் சான்று. அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தர நீட்டித்தபோது, வாயிலோனிடம் சினந்து கூறும் பாட்டொன்று புறநானூற்றில் உண்டு. புறப்படுகின்றேன் என்பதை அவர் எப்படிச் சொல்கின்றார்? கருவிகளைக் காவிக்கொண்டதையும் கலப்பையைச் சுருக்கிக்கொண்டதையுமே சொல்கின்றார். அரசனோடு சரிசமமாகப் பேசிய பெரும்புலவர், தம் பையைத் தாமே கட்டியதை மறைக்கவில்லை.

மலைபடுகடாத்தின் நடுப்பகுதியை வழிநடைக் கையேடு என்றே சொல்லிவிடலாம். புனத்திற் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள்; ஆகையால் விடிந்தபின் நடவுங்கள். யானையை விரட்டக் கவண்கல் வரும். மரத்தின் பின்னே ஒதுங்குங்கள். பாசி படர்ந்த வழுக்குநிலத்திற் கொடிகளைப் பற்றிக்கொண்டு செல்லுங்கள். இப்படியே போகின்றது அறிவுரை. முடத்தாமக்கண்ணியாரின் பொருநராற்றுப்படையில், யாழிலே பாலைப்பண் எழக் கேட்ட வழிப்பறிக் கள்வரும் கையிற் படையை நழுவ விடுவர். அழகான கற்பனைதான். வழிநடப்பவருக்கு உதவுவது என்னவோ கௌசிகனாரின் அறிவுரையே. முழவின் தோல் நனைந்தாலும் யாழின் நரம்பு அறுந்தாலும் போய்ச் சேருமிடத்திற் சோறில்லை.

தொண்டைமானாறும் சுமையின் பெயரால் உண்டான ஊரே. தொண்டைமான் ஒருவன் கரணவாயில் விளையும் உப்பை ஏற்றிச் செல்லும்பொருட்டு இங்கே கால்வாய் வெட்டுவித்தான் என்பது வைபவமாலை மரபு. அவன் கலிங்கம் வென்ற கருணாகரத் தொண்டைமான் என்பாரும் உளர். பெரும்பாணாற்றுப்படைத் தலைவனும் தொண்டைமானே. ஆனால் அவன் சங்ககாலத்து இளந்திரையன். பெயரொற்றுமை கண்டு இருவரையும் ஒருவராக்கிவிடல் ஆகாது. எனினும் அந்நூலில் உப்பு வணிகரின் வண்டி வருமிடம் நம் ஊரை நினைவூட்டத்தான் செய்கின்றது. வண்டியிற் கோழிக்கூடு, மடியிற் குழந்தையோடு எருது ஓட்டும் பெண். குடும்பமே வழியில் வாழ்கின்றது. வேறொரு புறப்பாட்டில், மேட்டிலும் பள்ளத்திலும் வண்டி என்ன படுமோ என்று அஞ்சிய உமணர், மாற்று அச்சொன்றை அடியிலே கட்டிவைத்துச் செல்கின்றனர். சேமவச்சு என்பது அதற்குப் பெயர்.

இத்தகைய சேமவச்சுக்கள்தாம் நம் கலைக்கூட்டங்களைக் காத்தன. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மதுரையில் 1918இல் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும், அதற்கு முன்னும் பின்னும் எழுந்த நாடகக் கம்பெனிகளையும் பற்றிப் பேசும்போது நடிகரைச் சொல்கின்றோம், வாத்தியாரைச் சொல்கின்றோம். சுருட்டிய சீன்களை ஏற்றி இறக்கியவர், கொட்டகைக்குக் குழி தோண்டியவர், பெட்டிக்குக் காவலாகப் படுத்தவர் கதையில் வருவதில்லை. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) வசந்த கான சபாவைக் கொண்டு ஆடிய 'அரிச்சந்திர மயான காண்டம்' ஆயிரக்கணக்கான முறை மேடையேறியது. அந்த இராகங்களை இன்னும் வாயில் முணுமுணுக்கும் முதியோர் இருக்கின்றனர். அத்தனை இரவுகளில் விளக்கைப் பிடித்தவர் யார் என்று கேட்டால் வாயடைத்துப் போவர்.

பெற்றோமாக்ஸ் விளக்கு எளிய பொருளன்று. அதன் வலைத்திரி ஒருமுறை எரிந்ததும் சாம்பற்கூடாகிவிடும். சிறிது அதிர்ந்தாற் போதும், உதிர்ந்துவிடும். காற்றடித்து அழுத்தங் குறையாமற் பார்க்கவேண்டும். அரிச்சந்திரனுக்கு வேண்டியது மயானம். மயானத்துக்கு வேண்டியது இருள். இருளையும் அளந்து கொடுப்பவன் விளக்குக்காரனே.

இனி, மேளக்கச்சேரிக்கு வருவோம். யாழ்ப்பாணத்திற் பிறந்து தமிழகமும் வியக்க வாசித்த தவில்மேதை தெட்சணாமூர்த்தியின் (1933–1975) பெயரை அறியாதவர் நம்மிலே இல்லை. நாதசுரக்காரர் மூச்சு வாங்குகின்றபோதும் தவிற்காரர் கை ஓய்கின்றபோதும் ஓயாதவர் ஒருவர் முன்பு அக்கூட்டத்தில் இருந்தார். அவர் ஒத்துக்காரர். ஒரே சுருதியைக் கன்னம் உப்ப மணிக்கணக்காக ஊதிநிற்பது அவர் தொழில். அந்தச் சுருதி தளர்ந்தால் இராகம் முழுவதும் தளரும். சுருதிப்பெட்டி வந்தபின் அவருக்கு வேலை போயிற்று. பெயர் போகவில்லை. எப்படி நின்றது என்று பாருங்கள். பிறர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுபவனை 'ஒத்து ஊதுகிறான்' என்கிறோம். 'பின்பாட்டுப் பாடுகிறான்' என்கிறோம். தாளம் பிடிப்பவனையும் விட்டுவைக்கவில்லை. 'ஜால்ரா போடுகிறான்' என்கிறோம். கச்சேரியைத் தாங்கி நின்ற மூவர் தொழிலும் மொழியிலே வசையாயின. கலப்பையை முதலில் விளித்த மொழியும் இதுவே. இடையில் என்ன நேர்ந்தது? பிறப்பைக் கொண்டு தொழிலை அளந்த கொடுமைக்கு இதிற் பெரும்பங்கு உண்டு என்பது என் துணிபு. மேளத்தைக் கேட்டுத் தலையசைத்தவர் மேளகாரரைத் திண்ணைக்கு மேலே ஏற்றாத காலத்தை அறிந்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

யாழ்ப்பாணம் என்ற பெயர்க்கதையையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். கண்ணற்ற யாழ்ப்பாடி ஒருவன் யாழ் வாசித்து மணற்றிடரைப் பரிசாகப் பெற்றான் என்பர். கண்ணற்றவன் கடல் கடந்து வந்திருக்கின்றான். கைக்கோலின் மறுமுனையைப் பிடித்து முன்னே நடந்தவர் யார்? யாழை நனையாமல் தோணியில் ஏற்றியவர் யார்? நாம் கேட்பதேயில்லை.

சென்ற ஐப்பசியிற் செல்வச் சந்நிதிக்குப் போயிருந்தேன். கந்தசட்டி நாட்கள். அர்ச்சகர் வாய்கட்டி மௌனமாகப் பூசை புரியும் அந்தச் சந்நிதியில் நெடுநேரம் நின்றுவிட்டு, மடத்திற் சோறுண்டு, ஆற்றங்கரைப் பக்கம் வந்தேன். கொட்டகையில் இசைநிகழ்ச்சி முடிந்திருந்தது. பாடியவர்களைச் சுற்றிப் படம் எடுப்போர் கூட்டம். கொட்டகையின் பின்புறத்தில் நாலைந்து இளைஞர் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தனர்.

அவர்களில் ஒருவனை நடையிலேயே அடையாளங் கண்டேன். இப்போது மீசை அரும்பி முகம் கறுத்திருக்கின்றான். வயரை முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் இடையே வளையம் வளையமாகச் சுற்றினான். சுற்றுக்கு ஒருமுறை முறுக்கை மாற்றினான். ஏன் என்று கேட்டேன். ஒரே பக்கம் முறுக்கினால் உள்ளே கம்பி அறும், அடுத்த மேடையில் ஓசை இரையும் என்றான். கடலோரத்து உப்புக்காற்று இணைப்புக்களை அரித்துவிடுவதால் ஒவ்வொரு முனையையும் துணியால் துடைத்தான். தவிலுக்கு இப்போது தோல்வாருக்குப் பதில் இரும்பு வளையமும் திருகாணியுமாம். அதற்கான திறப்பை இடுப்பிற் செருகியிருந்தான். மாற்றுத் திருகாணிகள் ஒரு சிறு பையில். சேமவச்சு!

"எவ்வளவு தருகினம்?" என்றேன். சொன்னான். பாடினவருக்குக் கொடுத்ததை நான் வேறொருவர் வாயிலாக அறிந்திருந்தேன். இரண்டையும் பக்கத்திற் பக்கத்தில் எழுத எனக்கு மனமில்லை. மழைக்காலத்தில் நிகழ்ச்சி நின்றால் அதுவும் இல்லை. காய்ச்சல் வந்தாலும் இல்லை. பட்டா வாகனத்தின் பின்னாற் பெட்டிகளுக்கிடையில் உறங்குகின்றான். மன்னாரும் வவுனியாவும் மட்டக்களப்பும் அவனுக்கு இருளில் ஏறி இருளில் இறங்கிய இடங்கள்.

அப்போது மழை பிடித்தது. ஐப்பசி மழை, சொல்லிக்கொண்டு வருவதில்லை. அவன் தன் மழைச்சட்டையைக் கழற்றி மிருதங்கப் பெட்டியின் மேற் போர்த்தினான். பெட்டிக்கு உறை இருந்தது. உறைக்கு மேலே சட்டை.

"தம்பி, நீ நனையிறாயே" என்றேன்.

"நான் காய்ஞ்சிடுவன் ஐயா. உது நனைஞ்சால் காய்ஞ்சாலும் சுருதி நில்லாது."

அன்று வழியிற் கடிந்து சொன்னதை நினைத்தேன். அதைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். அவன் கேட்கும் நிலையில் இல்லை; வாகனத்தின் கதவைத் திறந்து, பெரிய ஒலிபெருக்கியின் ஒருபுறத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். உடன் வந்தவர்கள் எட்ட நின்றனர்.

"ஐயா, உந்தப் பக்கத்தைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்றான்.

குடையை மணலில் வைத்துவிட்டுப் பிடித்தேன். இரண்டு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கிற்று. "நிமிராதேங்கோ, முழங்காலை மடியுங்கோ" என்று அவன் எனக்குப் பாடஞ் சொன்னான். ஏற்றினோம். வாகனம் பாலத்தைக் கடந்தபோது பின் திரையை விலக்கிக் கை காட்டினான். விடிவதற்குள் மன்னார் போய்ச் சேரவேண்டுமாம்.