மாத்திரை போட்டாச்சா? ஒரு மிஸ்டு கால் கொடுங்க!

அன்லிமிடெட் பிளான் வர்றதுக்கு முன்னாடி, பேலன்ஸ் இல்லைன்னா நம்ம எல்லாருக்கும் கைகொடுத்தது மிஸ்டு கால்தான். அந்தப் பழக்கத்தையே காசநோய் சிகிச்சைக்குப் பயன்படுத்தினா? அப்படி உருவானதுதான் ‘99டாட்ஸ்’.

ஏன் தேவைப்பட்டுச்சு?

சாதாரண காசநோய்க்கே பொதுவா ஆறு மாசம் மாத்திரை சாப்பிடணும். ஆனா, சில வாரங்கள்லயே இருமலும் காய்ச்சலும் குறைஞ்சிடும். ‘அதான் சரியாயிடுச்சே’ன்னு சிலர் பாதியில நிறுத்திடுவாங்க. உடம்புல மிச்சமிருக்குற கிருமிகள் மறுபடி பெருகலாம். மருந்துக்கே கட்டுப்படாத காசநோயாகவும் மாறலாம்.

இதைத் தடுக்க, 1997-ல இந்தியா பெரிய அளவுல கொண்டுவந்த திட்டம்தான் ‘டாட்ஸ்’. பொறுப்பாளர் ஒருத்தர் கண் முன்னாடியே மாத்திரையை விழுங்கணும். நல்ல திட்டம்தான். ஆனா, தினக்கூலிக்குப் போறவங்க வேலையை விட்டுட்டு எத்தனை தடவை மையத்துக்கு அலைய முடியும்?

எப்படி வேலை செய்யுது?

பெங்களூருல இருக்குற மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் ஆய்வகத்துல பில் தீஸ் குழுவினர் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. மாத்திரை அட்டையைச் சுத்தி ஓர் உறை. மாத்திரையைப் பிதுக்கி எடுத்தா, அதுக்குப் பின்னாடி மறைஞ்சிருக்குற போன் நம்பர் தெரியும். அதுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தா போதும், அன்னிக்குக் கணக்கு பதிவாகிடும். அடுத்து எந்த நம்பர் வரும்னு நோயாளிக்கு முன்கூட்டியே தெரியாது. அதனால, மாத்திரையை எடுக்காம சரியான நம்பருக்கு கால் பண்றது கஷ்டம். ஆப் வேண்டாம், டேட்டா வேண்டாம், காசு வேண்டாம். சாதாரண பட்டன் போனே போதும்!

சிக்கல் எங்கே?

மாத்திரையை எடுத்தாங்கன்னு சொல்ல முடியும். விழுங்கினாங்கன்னு சொல்ல முடியாது. இன்னொரு சிக்கலும் இருக்கு. சென்னை, வேலூர், மும்பையில நோயாளிகளோட வீட்டுக்குத் திடீர்னு போய், சிறுநீர்ல மருந்து இருக்கான்னு சோதிச்சுப் பார்த்தாங்க. கால் பண்ணாத பலரும் மாத்திரை சாப்பிட்டிருந்தது தெரியவந்துச்சு!

யோசிச்சுப் பாருங்க. வீட்டுக்கே ஒரு போன், அதையும் மகன் வேலைக்கு எடுத்துட்டுப் போயிட்டா அம்மா எப்படி கால் பண்ணுவாங்க? சில இடங்கள்ல சிக்னலே கிடைக்காது. ‘மாத்திரை போட்டாச்சா?’ன்னு வர்ற மெசேஜை வேற யாராவது பார்த்துட்டா, நோய் வெளியில தெரிஞ்சிடுமோங்கிற பயம் வேற.

அதனால இப்படி ஒரு கருவியை வடிவமைக்கிறவங்க, ‘போன் இருக்கா?’ன்னு கேட்டா மட்டும் பத்தாது. ‘அது யார் கையில இருக்கு, திரையை யாரெல்லாம் பார்ப்பாங்க?’ன்னும் கேட்கணும். கால் வரலைன்னா, ‘இவர் மருந்தை நிறுத்திட்டார்’னு முத்திரை குத்திடக் கூடாது. ‘என்னாச்சுன்னு ஒருதடவை போய்ப் பாருங்க’ன்னு சுகாதாரப் பணியாளருக்குச் சொல்ற தகவல்தான் அது. எந்த வீட்டுக் கதவைத் தட்டணும்னு போன் சொல்லலாம். தட்டுறதுக்கு ஓர் ஆள் வேணும்!