பெயரை நீக்கிய பின்னும் தெரியும் ஆள்

ஒரு தரவுத் தொகுப்பிலிருந்து பெயரையும் முகவரியையும் அகற்றிவிட்டால் அதில் இடம்பெற்றோரின் அந்தரங்கம் காக்கப்பட்டுவிடும் என்று நிறுவனங்களும் அரசுத் துறைகளும் நெடுங்காலம் உறுதி கூறிவந்தன. அந்த உறுதிமொழியைக் கணக்கிட்டுச் சோதித்து, அது நிற்காது எனக் காட்டிய ஆய்வாளர்களுள் குறிப்பிடத்தக்கவர், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று, பின்னர் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியராகி, அங்குள்ள தகவல் தொழில்நுட்பக் கொள்கை மையத்தின் இயக்குநர் பொறுப்பையும் ஏற்ற அரவிந்த் நாராயணன்.

2006இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம், தன் பரிந்துரை முறையைச் செம்மைப்படுத்துவோருக்கு 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்து, ஏறத்தாழ 4,80,000 சந்தாதாரர்கள் 17,770 படங்களுக்கு அளித்த 10 கோடிக்கும் மேற்பட்ட மதிப்பீடுகளைப் பெயரின்றி வெளியிட்டது. அப்போது டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு மாணவராக இருந்த நாராயணன், தம் வழிகாட்டி விட்டாலி ஷ்மாட்டிகோவுடன் இணைந்து 2008இல் வெளியிட்ட கட்டுரையில், ஒருவர் மதிப்பிட்ட 8 படங்கள் தெரிந்தால், அவற்றில் 2 முற்றிலும் பிழையாகவும் தேதிகள் 14 நாள்வரை முன்பின்னாகவும் இருந்தால்கூட, 99 விழுக்காட்டுப் பதிவுகளைத் தனித்து அடையாளம் காணலாம் என்று நிறுவினார். எல்லோரும் பார்க்கும் படங்களில் மனிதர்கள் ஒத்துப்போகிறார்கள். சிலரே பார்க்கும் படங்கள்தாம் ஆளைக் காட்டிக்கொடுக்கின்றன. வழக்கும் எழுந்த நிலையில், திட்டமிட்டிருந்த இரண்டாம் போட்டியை அந்நிறுவனம் 2010இல் கைவிட்டது.

தறி ஓசை கேட்கும் அம்மையார்குப்பம் போன்ற ஊருக்கு இச்செய்தி அந்நியமானதன்று. நெசவாளர் கணக்கெடுப்பு ஒன்றில் பெயரை நீக்கிவிட்டு, தறிகளின் எண்ணிக்கை, கடன் பெற்ற மாதம், வீட்டிலுள்ள பிள்ளைகளின் வயது ஆகியவற்றை மட்டும் வெளியிட்டாலும், அது யாருடைய வீடு என்று அதே தெருவில் இருப்பவர் எளிதில் சொல்லிவிடுவார். எனவேதான் இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல், தரவைக் கொண்டு ஒருவரை அடையாளம் காண இயலுமா என்பதை வைத்துத் தனிநபர் தரவை வரையறுத்திருப்பது சரியான தொடக்கம். நடைமுறை எப்படியிருக்கும் என்பது வேறு கேள்வி.

பிரின்ஸ்டனில் நாராயணனின் ஆய்வுக் குழு 10 லட்சம் இணையதளங்களைத் தானியங்கி முறையில் திறந்து, பயனரைப் பின்தொடரும் நிரல்களை அளந்தது. 2019இல் சுமார் 11,000 வணிகத் தளங்களை ஆராய்ந்து, வாங்குபவரை ஏய்த்து இசையவைக்கும் வடிவமைப்புகளை வகைப்படுத்தியது. ஆயினும் அளந்து காட்டுவது மட்டும் போதவில்லை. "என்னைப் பின்தொடராதே" என்று உலாவி வழியே தளங்களுக்கு அறிவிக்கும் முறையை முன்னெடுத்தவர்களுள் அவரும் ஒருவர். அதற்குக் கட்டுப்பட வேண்டிய சட்டக் கடமை நிறுவனங்களுக்கு இல்லாததால் அது பயனற்றுப் போனது.

ஆய்வாளர் சயாஷ் கபூருடன் இணைந்து 2024இல் எழுதிய நூலில், மனிதரின் எதிர்காலத்தைக் கணிப்பதாகக் கூறி விற்கப்படும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை நாராயணன் அதே ஐயத்துடன் அணுகுகிறார். அவர் அடிக்கடி சுட்டும் சான்று, பிரின்ஸ்டன் சமூகவியலாளர் மேத்யூ சால்கானிக் முதலியோர் நடத்திய போட்டி: ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பற்றி ஆண்டுக்கணக்கில் திரட்டிய ஏறத்தாழ 13,000 விவரங்களைக் கொண்டு அக்குடும்பங்களின் குழந்தைகளுடைய பிற்கால வாழ்க்கையைக் கணிக்க 160 குழுக்கள் முயன்றும், நான்கே காரணிகளை வைத்துப் போட்ட எளிய கணக்கைவிட அவற்றின் விடைகள் பெரிதாக மேம்படவில்லை.