நகானிக்: ஒரு சொல்லின் வழிநடை

வளைகுடா நாடுகளில் பணியாற்றி வரும் நம் ஊர் அன்பர்களுக்கு 'நகானிக்' என்னும் சொல் புதிதன்று. கொத்திய இறைச்சியை மசாலாப் பொருள்களுடன் கலந்து குடலுறையில் திணித்துச் செய்யும் உணவுக்கு இன்றைய அரபு மொழியில் வழங்கும் பெயர் அது. ஆங்கில வழியில் 'சாசேஜ்' என நாம் சொல்வதும் இதனையே. கேட்டவுடன் அரபுச் சொல்லாகவே தோன்றும் இப்பெயர், இத்தாலியின் தென்பகுதியில் இருந்த ஒரு நாட்டின் பெயரிலிருந்து பிறந்தது என்பது பலருக்கும் வியப்பளிக்கலாம்.

அந்நாட்டின் பெயர் லூக்கானியா. அங்கு வாழ்ந்த லூக்கானியர், இலத்தீனுக்கு உறவான ஆஸ்கன் மொழி பேசியவர்கள். பின்னர் உரோமரின் ஆட்சிக்கு உட்பட்டவர்கள். உரோமப் பேரறிஞர் வர்ரோ (கி.மு. 116-27) இலத்தீன் மொழி குறித்து 25 பகுதிகளில் ஒரு நூல் இயற்றினார். இன்று பெரும்பாலும் முழுமையாகக் கிடைப்பவை 6 பகுதிகளே. அவற்றுள் ஐந்தாம் பகுதியில், குடலில் இறைச்சி திணித்த ஓர் உணவை உரோமப் போர்வீரர்கள் லூக்கானியரிடம் கற்றமையால் அதற்கு 'லூக்கானிகா' எனப் பெயர் வந்தது என்று அவர் குறிக்கிறார். வர்ரோ சொல்லும் சொற்பிறப்புகள் எல்லாம் கொள்ளத்தக்கன அல்ல. பல இடங்களில் அவர் ஒலியொப்புமையை நம்பி வழுவியதும் உண்டு. இவ்விடத்தில் சொல்லின் வடிவமும் வரலாறும் அவருக்குச் சான்றாக நிற்கின்றன.

பெயர் விரைவில் தன் மண்ணை விட்டு நீங்கிவிட்டது. கி.பி. முதல் நூற்றாண்டுக் கவிஞர் மார்ஷல் பாடும் லூக்கானிகா, வடக்கே உள்ள பிக்கேனும் நாட்டுப் பன்றியின் இறைச்சியால் ஆனது. ஊர்ப்பெயர் அதற்குள் செய்முறையின் பெயராகிவிட்டது. கி.பி. 301-இல் பேரரசர் தயோக்ளீஷியன் வெளியிட்ட விலைக்கட்டுப்பாட்டு ஆணையில் பன்றியிறைச்சி லூக்கானிகாவோடு மாட்டிறைச்சி லூக்கானிகாவும் தனியே இடம்பெறுகிறது. இது பின்னர் நமக்குப் பயன்படும் செய்தி.

செய்முறையை அப்பீசியஸ் பெயரால் வழங்கும் சமையல் நூல் தருகிறது. மிளகு, சீரகம், சில கீரைத்தழைகள், மீன்சாறு ஆகியவற்றை இறைச்சியுடன் சேர்த்து இடித்து, முழு மிளகும் கொழுப்பும் கலந்து, நீண்ட குடலில் திணித்துப் புகையில் தொங்கவிட வேண்டும். உப்பும் புகையும் இறைச்சியைக் கெடாது காத்தன. மிளகோ சேரநாட்டுக் கரையிலிருந்து சென்றது. பொன்னோடு வந்த யவனர் கலங்கள் முசிறியில் மிளகு ஏற்றிச் சென்றதை அகநானூற்றின் 149-ஆம் பாடல் காட்டுகிறது. அப்பாடலில் மிளகைக் குறிக்கும் சொல் 'கறி'. இன்று கடைக்குச் சென்று கறி வேண்டும் என்றால் கிடைப்பது இறைச்சி! பிறமொழிச் சொல்லின் பொருள்மாற்றத்தைக் கண்டு வியக்கும் நாம் இதனையும் எண்ணிப் பார்த்தல் தகும்.

உரோமர் சென்ற இடமெல்லாம் இச்சொல்லும் சென்றது. வட இத்தாலியில் லுகானெகா, கிரேக்கத்தில் லுகானிகோ, பல்கேரியாவில் லுகான்கா, ஸ்பெயினில் லோங்கனிசா என அது வழங்குகிறது. ஸ்பானியர் வழியே பிலிப்பைன்ஸ் தீவுகளையும் எட்டியது. லோங்கனிசா என்பதைக் கேட்பவர், நீளம் என்று பொருள்படும் 'லோங்கா' என்னும் இலத்தீன் சொல்லே இதன் வேர் எனத் துணியக்கூடும். உணவும் நீளமாகத்தானே இருக்கிறது! லுகானெகாவைக் கேட்பவர் லுகானோ நகரை நினைக்கலாம். பழஞ்சான்றுகளைப் பாராது செவியை மட்டும் நம்பினால் இவ்வாறே நேரும். தமிழில் சொல்லாய்வு செய்யும் மாணவர்களுக்கும் இவ்விடர் உண்டு. உலகத்துச் சொற்களையெல்லாம் ஒலியொப்புமை ஒன்றாலேயே தமிழுக்கு உரிமையாக்கும் எழுத்துகள் மிகுந்துள்ளன.

அரபு மொழியில் இச்சொல்லின் பழைய வடிவம் 'லகானிக்'. சிரியாவிலும் எகிப்திலும் அரபு மொழி பரவுமுன் கிரேக்கம் செல்வாக்குடன் விளங்கியது ஆதலின், அம்மொழியின் தொடர்பால் இது வந்திருத்தல் இயல்பே. பின்வரும் னகரத்தின் சார்பால் முதலிலுள்ள லகரம் நகரமாகி, 'நகானிக்' ஆயிற்று. நல் + மொழி 'நன்மொழி' ஆவதைப் படித்த நமக்கு லகரம் மெல்லினமாவது விளங்காததன்று. லெபனானில் இதுவே 'மகானிக்' என்றும் வழங்கும். 'திர்ஹம்' என்பதன் பன்மை 'தராஹிம்' என வருவதைப் போன்ற அமைப்பில் இச்சொல்லும் பொருந்திவிட்டமையால், அயற்சொல் என்பதே மறைந்துபோயிற்று.

அரபு மக்களிடம் பெயர் வந்தது, பன்றி வரவில்லை. ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் அவ்விடத்தை நிரப்பின. உரோமர் காலத்திலேயே மாட்டிறைச்சியில் லூக்கானிகா செய்யப்பட்டதை மேலே கண்டோம். ஆகவே பெயர் எந்த இறைச்சிக்கும் கட்டுப்பட்டதன்று. பெயரின் பிறப்பைக் கேட்டு உணவை ஐயுறும் பெரியோர் சிலர் உளர். ஆராய வேண்டியது உறைக்குள் இருக்கும் பொருளையே.

முற்கால முஸ்லிம் அறிஞர்கள் அதனைத்தான் ஆராய்ந்தனர். 12-ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரி, சந்தைக் கண்காணிப்பு அலுவலராகிய முஹ்தஸிபுக்கு வழிகாட்டும் நூலொன்றை எழுதினார். அதில் நகானிக் செய்வோருக்கென்றே ஒரு தனிப்பகுதி உண்டு. சொல்லின் பிறப்பைப் பற்றிய கவலை அவருக்கு இல்லை. இத்தொழிலில் கலப்படம் மிகுதி, கண்டுபிடிப்பதும் அரிது. ஆதலின் அவர்கள் தொழில்செய்யும் இடம் முஹ்தஸிபின் இருக்கைக்கு அருகிலேயே, அவர் கண்ணெதிரில் இருத்தல் நன்று என்று அவர் எழுதுகிறார்.