ஸ்கேனருக்கு ஒரு பரீட்சை
உடலுக்குள் ஒரு வெளிச்சம் – 9

பெட் ஸ்கேன் அறிக்கையில் வரும் ‘எஸ்.யூ.வி.’ என்ற எண்ணைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். ஏற்றிய கதிரியக்க மருந்தைக் கட்டி எந்த அளவுக்கு இழுத்துக்கொண்டது என்பதை, நோயாளியின் எடையையும் கணக்கில் சேர்த்துச் சொல்லும் எண் அது. முதல் ஸ்கேனில் 10 என்று இருந்து, கீமோவுக்குப் பிறகு 6 என்று வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று மருத்துவர் நம்புகிறார். அந்த 6 உண்மையிலேயே 6தானா? இதற்குப் பதில் சொல்ல வேண்டியது ஸ்கேனர்.

அதைச் சோதிக்கும் முறைகளை வகுத்தது அமெரிக்க மின்கருவி உற்பத்தியாளர் சங்கமான ‘நீமா’. பெட் ஸ்கேனருக்கான அதன் விதிமுறை 1994இல் வந்தது. 2018 வரை பலமுறை திருத்தப்பட்டது.

சோதனைகளில் முக்கியமானது படத்தின் தரம். மனித மார்பளவு உள்ள பிளாஸ்டிக் கலம் ஒன்று உண்டு, ஃபேன்டம் என்பார்கள். உள்ளே ஆறு கண்ணாடி உருண்டைகள். பெரியதன் உள்விட்டம் 37 மில்லிமீட்டர், சிறியது 10. அந்தச் சின்ன உருண்டைக்குள் அரை மில்லி திரவம்தான் பிடிக்கும். அதைச் சிரிஞ்சால் மெதுவாக நிரப்ப வேண்டும். ஒரு காற்றுக்குமிழி தங்கினாலும் அளவு கெட்டுவிடும். கலத்தில் உள்ள நீரிலும் கதிரியக்கம் இருக்கும். உருண்டைகளில் அதைப் போல 4 மடங்கு. இனி ஸ்கேனர் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். பெரிய உருண்டையில் ஏறக்குறைய 4 மடங்கே தெரியும். சிறியதில் 2 மடங்காகக் குறைந்து தெரியலாம். சின்னக் கட்டியின் எண்ணை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கடிகாரமும் இதில் முக்கியம். மருந்தில் உள்ள ஃபுளோரின்-18இன் கதிரியக்கம் சுமார் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். மருந்தை அளக்கும் கருவியின் கடிகாரமும் ஸ்கேனரின் கடிகாரமும் 10 நிமிடம் முன்பின் ஓடினால் போதும், எண்ணில் 6 சதவீதம் பிழை வந்துவிடும்.

மருந்தைக் கூட்டினால் படம் தெளிவாகிக்கொண்டே போகும் என்றும் நினைக்க வேண்டாம். தொடர்பில்லாத இரண்டு கதிர்கள் ஒரே நொடித்துளியில் வந்து விழ, அவற்றை ஒரே இடத்தில் சேர்ந்து பிறந்த ஜோடி என்று ஸ்கேனர் தவறாக எண்ணிவிடும். மருந்து இரட்டித்தால் இந்தப் பொய்க் கணக்கு நான்கு மடங்காகும். 70 சென்டிமீட்டர் நீளமுள்ள பாலித்தீன் உருளைக்குள் நிறையக் கதிரியக்கத்தை வைத்து, அது தேயத் தேயப் பல மணி நேரம் அளந்து, எந்த அளவில் பயன் அதிகம் என்று கண்டுபிடிக்கிறார்கள். அதற்கு மேல் ஏற்றுவது நோயாளிக்கு வீண் கதிர்வீச்சு.

கருவியை நிறுவும்போது ஒருமுறை தேறிவிட்டால் போதாது. ஜெர்மேனியம்-68 போன்ற நீண்ட ஆயுளுள்ள மூலத்தை வைத்துத் தினமும் காலையில், முதல் நோயாளி வருவதற்கு முன், உணரிகளைச் சரிபார்க்க வேண்டும். வெளியே தெரியாத இந்த வேலையைத் தவறாமல் செய்யும் மருத்துவ இயற்பியலாளர்களை நம்பித்தான் அறிக்கையின் ஒவ்வொரு எண்ணும் நிற்கிறது.

பெட் ஸ்கேன் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுப்பதாக இருந்தால், முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே ஸ்கேனரில் எடுங்கள். எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாமல் அன்றைக்கே பார்த்துச் சொல்லுங்கள். “இன்றைக்குத் தரச் சோதனை முடிந்ததா?” என்று கேட்கவும் தயங்க வேண்டாம், கேட்பது உங்கள் உரிமை.

(தொடரும்)