40 கொண்டை ஊசி வளைவுகள்... ஒரே நாளில் வால்பாறை போய் வரலாமா?

தாராளமாகப் போய் வரலாம். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 65 கிலோமீட்டர்தான். ஆனால், கூகுள் மேப் காட்டும் நேரத்தை நம்பிப் பத்து மணிக்குக் கிளம்பினால், தேயிலைத் தோட்டத்தில் நாலு போட்டோ எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இருட்டில் அந்த 40 வளைவுகளையும் இறங்க வேண்டியிருக்கும். வெளிச்சம் இருக்கும்போதே ஆழியாறுக்கு இறங்கிவிட வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்துகொண்டு, மற்ற திட்டங்களை அதற்கேற்பப் போடுங்கள்.

முதல் வேலை இ-பாஸ். ஊட்டி, கொடைக்கானலைப் போல, 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் இது கட்டாயமாகிவிட்டது. முந்தின நாள் இரவே எடுத்து, போனில் ஸ்க்ரீன்ஷாட் வைத்துக்கொள்ளுங்கள். ஆழியாறு செக்போஸ்ட்டில் வரிசையில் நின்றுகொண்டு சிக்னல் தேட வேண்டாம். அதைத் தாண்டினால் ஆனைமலை புலிகள் காப்பகம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம், எவர்சில்வர் பாட்டில் போதும். பெட்ரோலைப் பொள்ளாச்சியிலேயே நிரப்பிவிடுங்கள்.

காலை ஆறரைக்குப் பொள்ளாச்சியைத் தாண்டிவிட்டால், வெயில் ஏறும் முன் மலை ஏறத் தொடங்கலாம். பிள்ளைகளுக்கு அப்போது இரண்டு இட்லி போதும். வயிறு முட்டப் பூரி சாப்பிட்டுவிட்டு வளைவில் ஏறினால் என்ன ஆகும் என்பது எல்லாக் குடும்பங்களுக்கும் தெரிந்த கதைதான். ஏறும்போது போனில் வீடியோ பார்க்க விடாதீர்கள், குமட்டல் அதிகமாகும். வளைவுகளின் எண்ணைப் பலகையில் எழுதியிருப்பார்கள். அதைச் சத்தமாக எண்ணும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டால், அவர்கள் கண் தானாகவே ரோட்டில் இருக்கும்.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட். கீழே ஆழியாறு அணை தட்டில் ஊற்றிய தண்ணீர் போலத் தெரியும். என்னைக் கேட்டால், மொத்தப் பயணத்திலும் சிறந்த இடம் இதுதான். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடுகள் இங்கே ரோட்டோரத் தடுப்புச்சுவர் வரை வருவதுண்டு. பார்த்ததும் ஜன்னல் வழியாக பிஸ்கட் நீட்டாதீர்கள். வால்பாறையை நெருங்கும்போது வரும் புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகளுக்கும் இதே மரியாதையைக் கொடுங்கள். தின்பண்டத்துக்குப் பழகி ரோட்டுக்கு வந்து, வண்டியில் அடிபட்டுச் சாகும் குரங்குகள் உண்டு. ரோட்டைக் கடக்க மரத்துக்கு மரம் அவற்றுக்கென்று கட்டிய தொங்குபாலங்கள் உள்ளன. பிள்ளைகளைத் தலையை நிமிர்த்தித் தேடச் சொல்லுங்கள்.

ஊருக்குள் போனதும் எல்லா ஸ்பாட்டையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை வரும். ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். தாத்தா பாட்டி உடன் வந்தால் கருமலை பாலாஜி கோயில், பிள்ளைகள் மட்டும் என்றால் சோலையாறு அணை. கூழாங்கல் ஆற்றில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வால்பாறை ஆறுகள் மேலே அமைதியாகத்தான் தெரியும், குளிக்க இறங்கியவர்களின் உயிரைப் பலமுறை வாங்கியிருக்கின்றன. மளுக்குப்பாறை வழியாக அதிரப்பள்ளிக்கும் ஒரு எட்டு போய்விடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அது காட்டுக்குள் போகும் நீண்ட ரோடு, தனியாக ஒரு நாள் வேண்டும்.

பச்சைக் கம்பளம் என்று நாம் ரசிக்கும் தோட்டங்களில் கூலிகள் பட்ட பாட்டை, ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச்.டேனியல் 1969-ல் ‘ரெட் டீ’ என்ற நாவலாக எழுதினார். தமிழில் அது ‘எரியும் பனிக்காடு.’ வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால், போவதற்கு முன் வாசிக்கக் கொடுங்கள்.

இறங்குவதுதான் முக்கியம்

மூன்று மணிக்கு வால்பாறையை விட்டுக் கிளம்பிவிடுங்கள். மாலையில் பனிமூட்டம் இறங்கினால் எதிரே வரும் பஸ்கூடத் தெரியாது. யானைகள் ரோட்டைக் கடப்பதும் பெரும்பாலும் அந்தி சாய்ந்த பிறகுதான். யானை நடமாட்டத்தை எச்சரிக்கச் சில இடங்களில் சிவப்பு விளக்குக் கம்பங்களே வைத்திருக்கிறார்கள். விளக்கு எரிந்தால் அருகில் யானை இருக்கிறது என்று அர்த்தம்.

ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்பது மலை டிரைவர்களின் பழைய பாடம். முதல் அல்லது இரண்டாவது கியரில் விட்டால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, ஒரு கட்டத்தில் பிடிக்காமலே போகும். ரப்பர் கருகியதுபோல வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். நியூட்ரலில் போட்டு பெட்ரோல் மிச்சம் பிடிப்பது உயிரோடு விளையாடுவது. ஆட்டோமேட்டிக் காரில் ‘எல்’ அல்லது மேனுவல் மோடு இருக்கும், எப்படிப் போடுவது என்று வீட்டிலேயே பார்த்துப் பழகிவிடுங்கள். ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தால், முன்கூட்டியே நின்றுவிடுங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே மழை கொட்டித் தீர்க்கும், மண் சரிவும் உண்டு. அதனால் சின்னக் குழந்தைகளோடு போக அக்டோபருக்குப் பிறகான மாதங்கள் வசதி. அக்டோபர், நவம்பரிலும் மழை எச்சரிக்கை இருந்தால் தேதியை மாற்றிவிடுங்கள்.

மூன்று மணிக்குக் கிளம்பியவர்கள் ஐந்தரைக்கெல்லாம் ஆழியாறு வந்துவிடலாம். அணைக்குப் பக்கத்துக் கடைகளில் சுடச்சுட மீன் வறுவல் கிடைக்கும். மலையில் அரை வயிறாக வந்தவர்களுக்கு, இப்போது எந்தத் தடையும் இல்லை.