தனி ஒருவன் எழுத வேண்டிய வியாசம்

மேற்படிப்பின் நிமித்தம் இங்கிலாந்து செல்லும் நம் வாலிபர்களில் கம்ப்யூட்டர் சாஸ்திரத்தில் எம்.எஸ்ஸி. பட்டம் நாடுவோர் பலர். விமானம் ஏறுமுன் அவர்கள் விசாரிப்பதெல்லாம் கல்லூரிச் சம்பளம் எவ்வளவு, அறை வாடகை எவ்வளவு, படிப்பு முடிந்தபின் உத்தியோகம் தேட எத்தனை மாதம் அனுமதி என்பனவே. இவை அவசியமான கேள்விகள்தாம். ஆனால் பட்டத்தின் மூன்றிலொரு பங்கைத் தன்னுள் அடக்கிக்கொண்டிருக்கும் ஆராய்ச்சி வியாசத்தைப் பற்றி விசாரிப்பவர் அரியர். அதைக் குறித்துச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

அங்கே எம்.எஸ்ஸி. பெரும்பாலும் ஓராண்டுப் படிப்பு. மொத்தம் 180 கிரெடிட்டுகளில் 120 வகுப்புப் பாடங்களுக்கும், 60 வியாசத்திற்கும் ஒதுக்கப்படுவது சாதாரண ஏற்பாடு. செப்டம்பரில் தொடங்கினால் மே மாதத்துடன் பரீட்சைகள் தீர்ந்துவிடும். பிறகு கோடைக்காலம் முழுவதும் வகுப்பு இல்லை, கூட்டாளி இல்லை. மாணாக்கனும் அவன் எடுத்துக்கொண்ட விஷயமும்தான். வியாசம் முடிவாகத் தேறாமற்போனால், மற்றப் பாடங்களையெல்லாம் குறைவறத் தேறியவனுக்கும் எம்.எஸ்ஸி. கிடையாது, டிப்ளமோ ஒன்றுடன் திரும்ப வேண்டியதுதான். வீட்டை ஈடு வைத்துக் கடன் வாங்கி அனுப்பிய தகப்பனாருக்கு இவ்விரண்டிற்குமுள்ள பேதத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

இங்கே பி.இ. இறுதியாண்டில் புராஜெக்ட் என்பது பெரும்பாலும் மூவர் நால்வர் கூடிச் செய்யும் காரியம். கூடிச் செய்வதில் குற்றமில்லை. பெரிய புரோகிராம்கள் உலகெங்கும் அப்படித்தான் எழுதப்படுகின்றன. ஒருவன் கண் விழித்து உழைக்க, மற்றையோர் பெயரை மாத்திரம் கொடுத்துவிட்டுப் போவதுதான் குற்றம். இதனினும் கேவலமானது ஒன்றுண்டு. முடித்த புராஜெக்டை விலைக்குக் கொடுக்கும் ‘சென்டர்கள்’ நம் நகரங்களில் பகிரங்கமாக விளம்பரம் செய்து வியாபாரம் நடத்துகின்றன. புரோகிராமும் அறிக்கையும் ஒரே விலையில் அடக்கம்! இந்தப் பழக்கத்தையும் பெட்டியில் கட்டிக்கொண்டு கடல் கடந்தவன் ஜூன் மாதத்தில் திகைத்து நிற்பதில் என்ன ஆச்சரியம்?

புரோகிராம் ஓடிவிட்டால் வேலை முடிந்தது என்பது நம் மாணாக்கர் பலருடைய எண்ணம். பரீட்சகர்களின் எண்ணம் அதுவன்று. நீ எடுத்துக்கொண்ட கேள்வி என்ன, முன்னோர் அதற்கு என்ன விடை கூறினர், உன் விடை சரியென்பதற்கு என்ன சாட்சியம் என்று அவர்கள் கேட்பார்கள். நெற்பயிரின் இலைப் படத்தைக் கண்டு நோயைச் சொல்லும் புரோகிராம் செய்வேன் என்பது கேள்வியாகாது. மங்கிய வெளிச்சத்தில் பிடித்த படங்களில் இன்ன முறையைவிட இன்ன முறை குறைவாகத் தவறுகிறதா என்பது கேள்வி. அதற்குக் கணக்கு வேண்டும். கணக்கிலும் நேர்மை வேண்டும். இயந்திரத்திற்குக் கற்பிக்கக் காட்டிய படங்களையே மறுபடியும் காட்டி, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்று மார்தட்டுவது, கட்சிக்காரனையே நீதிபதியின் ஆசனத்தில் உட்கார்த்தித் தீர்ப்புப் பெறுவதற்குச் சமானம். புதிய முறை பழையதைவிட மோசம் என்று முடிவு வந்தாலும், அதைத் தக்க காரணங்களோடு எழுதியவன் நன்றாகவே தேறலாம்.

ஹெல்ஸிங்கி சர்வகலாசாலை மாணாக்கராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸை வெளியிட்டார். 1997-ல் அவர் எம்.எஸ்ஸி. பட்டத்துக்கு வியாசம் சமர்ப்பித்த சமயம் அது பல தேசங்களில் ஓடிக்கொண்டிருந்தது. அத்தகையவர் தம் சாதனை முழுவதையும் விஸ்தரித்து எழுதியிருக்கலாம். அவர் பிரதானமாக எடுத்துக்கொண்டதோ ஒரே விஷயம்: ஒருவகை இயந்திரத்துக்கென எழுதிய அமைப்பை மற்ற வகை இயந்திரங்களிலும் ஓடச் செய்வது எவ்வாறு என்பது. நம் பிள்ளையாண்டானோ ஆஸ்பத்திரி, பாங்கி, பள்ளிக்கூடம் மூன்றுக்கும் பொதுவான புரோகிராம் ஒன்றை மூன்று மாதத்தில் முடிப்பதாக எழுதிக் கொடுக்கிறான்.

வியாசத்தை விலைக்கு வாங்கலாமென்று நினைப்போர் ஒன்றறிய வேண்டும். 2022-ம் வருஷத்துச் சட்டமொன்றின்படி, இங்கிலாந்தில் மாணாக்கருக்குப் பதிலாக எழுதிக் கொடுத்துப் பணம் பண்ணுவது குற்றம். சட்டம் விற்பவனைப் பிடிக்கிறது; வாங்கியவனைச் சர்வகலாசாலை பார்த்துக்கொள்ளும். செயற்கை அறிவுப் பொறிகளின் உதவி விஷயம் வேறு. அவற்றை எவ்வளவு உபயோகிக்கலாம் என்பதற்கு அந்தந்தச் சர்வகலாசாலையின் விதிகள் உண்டு. விதியைப் படித்து, உபயோகித்ததை ஒளியாமல் எழுதுவதே முறை. இந்த வரியை ஏன் இப்படி எழுதினாய் என்று பரீட்சகர் நேரில் கேட்கும்போது பதில் சொல்லப் பொறி வராது.

மனிதரிடம் அபிப்பிராயம் கேட்டு எழுதும் ஆராய்ச்சியாயின் சர்வகலாசாலையின் முன்னனுமதி பெறவேண்டும். அது கைக்கு வர வாரக்கணக்கில் பிடிக்கும் என்பதால் வசந்த காலத்திலேயே விண்ணப்பிப்பது நலம். அன்றன்று செய்ததையும், பலிக்காமற்போனதையும் தேதியிட்டு ஒரு நோட்டில் குறித்து வைத்திருப்பவனுக்கு வியாசத்தில் பாதி அங்கேயே கிடக்கும். மேற்பார்வை செய்யும் ஆசிரியர் வழிகாட்டுவாரேயன்றி வேலை வாங்கமாட்டார். நம் பிள்ளைகள் மரியாதையின் பேரால் அவரை அணுகாமலே ஜூலையைக் கழித்து, ஆகஸ்டு கடைசியில் முதற் பிரதியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அவர் ஒருவேளை அச்சமயம் விடுமுறையில் இருப்பார்.